ஒன்பது கிலோ மிஷின்

எட்டி எட்டிப் பாக்காதீங்ணா. கேட்டீங்கன்னா நானே காட்டுவேன். இந்தாங்க, போனக் கையில வாங்கி நல்லாப் பாத்துக்குங்க. மாவு மிஷின் இல்லீங் இது, எல்லாரும் அப்படித்தான் நெனைச்சுக்கறாங்க. ரெண்டு இரும்பு உருளை, மேல தானியங் கொட்டற தொட்டி, பக்கத்துல ஒரு கைப்பிடி. மால்ட் ஒடைக்கிற மிஷினுங். ஊட்டுலயே பீர் காச்சறவங்களுக்கு.

பீர்னு சொன்ன ஒடனே மூஞ்சி மாறுது பாருங்க. நீங்க கோபிப் பக்கந்தான? பேச்சுலயே தெரிஞ்சுது. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கே இந்த மூஞ்சி கூடவே வரும். மெல்போர்ன்ல ஊட்டுல பீர் காச்சறது குத்தம் இல்லீங். விக்கக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரு காச்சறான், வாத்தியாரு காச்சறான். நானென்ன பொதருக்குள்ள பானையப் பொதைச்சா வெச்சிருக்கறேன்? கார் ஷெட்டுல, எவர்சில்வர் குண்டாவுல, சூடு பாக்கற கருவியெல்லாம் போட்டு சுத்தமாக் காச்சறனுங்.

அக்கா தூங்கறாங்ளா? தூங்கட்டும். ஃப்ளைட்டுக்கு இன்னும் மூணு மணி நேரங் கெடக்குது. சிங்கப்பூருல இந்த உக்கார வெக்கறதுதான் எனக்குப் புடிக்காதது. நீங்க மக ஊட்டுக்குப் போறீங்க. நான் போறது வெறும் ஊட்டுக்குங். இந்த மிஷின்தான் அதுக்குக் காரணம்னு சொன்னா நம்புவீங்ளா? நம்ப மாட்டீங்க. இது இல்ல, இது கடையில விக்கறது. இதாட்ட இன்னொண்ணு.

பீருக்கு மொளக்கட்டிக் காயவெச்ச பார்லி வேணுங். அதத்தான் மால்ட்டும்பாங்க. கடையில ஒடைச்சுங் குடுப்பான், முழுசாவுங் குடுப்பான். ஒடைச்சது கொஞ்ச நாள்ல நமுத்துப் போகும். முழுசா மூட்டையோட வாங்குனா வெலையுங் கம்மி, வருசமானாலுங் கெடாது. அப்ப ஒடைக்கறதுக்கு நம்மகிட்ட மிஷின் வேணுமில்லீங்? அங்கதான் சனியன் வந்து உக்காந்துச்சு.

ரொசாரியோன்னு ஒருத்தன். தூத்துக்குடிக்காரன். என்ற ஆபீசுதான். சிநேகிதன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். ரெண்டு வருசமா சனிக்கெழமையானா என்ற ஷெட்டுல ரெண்டு பேருஞ் சேந்துதான் காச்சுவோம். அவன் ஒரு நாளு வந்து சொல்றான், "ஏல, நூத்தறுவது டாலருக்கு ஒரு மிஷின் தள்ளுபடில போட்டுருக்கான். ரெண்டு உருளை. நடுவுல எடைவெளியக் கூட்டலாம், கொறைக்கலாம். டிரில்லிங் மிஷின மாட்டுனா அதுவே ஓடும். ஆளுக்குப் பாதியப் போட்டு வாங்கிருவோம்ல"ன்னு.

நூத்தறுவது டாலரு. ரெண்டு உருளைக்கு. நான் பொறந்து வளந்தது கோயமுத்தூர் கணபதிலங்ணா. தெருவுக்கு நாலு லேத்து. கிரைண்டர் என்ன, பம்பு என்ன, எங்க ஊர்ல கடையாத இரும்பு உண்டுங்ளா? போதாக்கொறைக்கு நான் மெக்கானிக்கல் இன்ஜினியரு. என்ற கிட்டயே வந்து உருளை விக்கப் பாக்கறான். வேண்டாம்டா, நான் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன். அவனென்ன பண்ணுனான் தெரியுங்ளா? தனியா வாங்கிக்கிட்டான். வாங்கிப்போட்டு, "வேணும்னா எடுத்து ஒடைச்சுக்கோ"ங்கறான். எவ்வளவு கொழுப்பு இருக்கோணும்.

அவன் மிஷினத் தொடறதில்லைன்னு நான் மொதல்ல மிக்சில போட்டேன். இருங்க, சிரிக்காதீங்க. எல்லாருஞ் செய்யறதுதான். நம்ம ஊட்டுல எத ஒடைக்கோணும்னாலும் மிக்சிதான? ஆனா மால்ட்ட மாவாக்கக் கூடாதுங். உள்ள இருக்கற பருப்பு மூணா நாலா ஒடையோணும், உமி முழுசா நிக்கோணும். அந்த உமிதான் சல்லடை. சுடுதண்ணில ஊறவெச்சு வடிக்கறப்ப உமி அடில படுத்துக்கிட்டு சாறு மட்டும் எறங்க உடும். மாவாப் போச்சுன்னா களிதான். அஞ்சு கிலோ பார்லிக் களி. குழாயத் தொறந்தா ஒரு சொட்டு எறங்குலீங். கரண்டியப் போட்டுக் கிண்டறேன், கரண்டி அப்படியே நிக்குது. ரொசாரியோ பக்கத்துல நின்னுக்கிட்டு, கருவாட்டுக் கொழம்பு எங்கலேங்கறான். மிக்சி மோட்டாரும் பொகைஞ்சு போச்சு. அது எங்க மாமியாரு கல்யாணத்துக்கு வாங்கிக் குடுத்த மிக்சி. அவிய வாங்கிக் குடுத்த லட்சணம் அப்படி.

அப்புறம் கையில சுத்தற மிஷின் ஒண்ணு. சோளம் அரைக்கறது. பழைய சாமான் சந்தையில முப்பது டாலருக்குக் கெடைச்சுது. மேசை விளிம்புல திருகி மாட்டிப்போட்டுச் சுத்தோணும். தட்டு ரெண்டும் தேஞ்சு கெடந்துச்சு. பாதி மாவா உழுகுது, பாதி முழுசா உழுகுது. சாப்பாட்டு மேசை விளிம்பு பேந்துக்கிச்சு. என்ற ஊட்டுக்காரி பூங்கொடி அப்ப மூணு மாசங். எட்டு வருசங் கழிச்சு உண்டாயிருக்கறா. பார்லித் தூசு நெஞ்சுல எறங்கி இருமல் வருதுங்க, அதக் கொண்டுபோய் ஷெட்டுல வெச்சுச் சுத்துங்கன்னா. ஷெட்டுல மேசை ஏதுங்? நானென்ன மடியில வெச்சா சுத்தறது? இருமறவளுக்கு ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கத் தெரியாதா?

கேளுங்க. எட்டு வருசங் கழிச்சு உண்டானதுனால டாக்டரு ரொம்பப் பத்தரமா இருக்கச் சொல்லீட்டாங்க. தலைப்பிரசவம், பொறந்த ஊட்டுலதான் பாக்கறது மொறை. அதெல்லாம் அலையக் கூடாது, இங்கயே பாத்துக்கலாம், உங்கம்மாவ வரச் சொல்லு, ஆறு மாசம் இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன். விசா எடுத்தது நானு, டிக்கெட் போட்டது நானு. அத எவனாச்சும் இன்னைக்கு நெனைச்சுப் பாக்கறானா? மாமனாரு கெடையாது. ராமாத்தாள்னு பேரு எங்க மாமியாருக்கு. தமிழ்ல கையெழுத்துப் போடுவாங்க, அவ்வளவுதான் படிப்பு.

அவிய வர்றாங்கன்னதுந்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. வர்ற ஆளு கையில மிஷினக் குடுத்துவுட்டா கூரியர் செலவு மிச்சமில்லீங்? துரைசாமின்னு என்ற பங்காளி ஒருத்தன் லேத்து வெச்சிருக்கறான். ரொசாரியோ ஊட்டுக்குப் போனேன், அவன் டீ போட உள்ள போனப்ப வெர்னியர எடுத்து உருளை விட்டம், நீளம், பல்லு எத்தனைன்னு அளந்துக்கிட்டேன். அளந்தா என்னங்? தேஞ்சா போச்சு? துரைசாமிக்கு அனுப்பி வெச்சேன். எட்டாயிரம் ரூவாயில அச்சு அசலாச் செஞ்சு போட்டான். டாலர்ல பாத்தா நூத்தி நாப்பத்தஞ்சு. பதினஞ்சு டாலர் மிச்சம். எடை மட்டுங் கொஞ்சம் எச்சு, ஒம்பது கிலோ. நம்ம ஊரு இரும்பு, சும்மாவா.

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க? பதினஞ்சு டாலர் உங்களுக்குச் சின்னதா இருக்கலாம்.

பொட்டி கட்டறப்ப மாமியாரு போன் பண்றாங்க. "மாப்பிள்ள, முப்பது கிலோதான் உடறாங்களாமா. மிஷின வெச்சா மத்தது புடிக்கமாட்டீங்குது. கொழந்தைக்குப் பழைய வேட்டித் துணி தொவைச்சு வெச்சிருக்கறேன், பூங்கொடிக்கு மருந்துச் சாமான் இடிச்சு வெச்சிருக்கறேன், தொட்டில் சேலை ஒண்ணு, எத வெளிய எடுத்து வெக்கட்டும்?"ங்கறாங்க. அதெல்லாம் எடுத்துருங்த்தை, இங்க கடையில கெடைக்குது, மிஷினு மட்டும் கட்டாயம் வெச்சுருங்கன்னு சொன்னேன். எதுக்குங் மாப்பிள்ள அந்த மிஷின்னு கேட்டாங்க. கொழந்தைக்கு ராகி அரைக்கறதுக்குங்த்தைன்னேன்.

வேற என்ன சொல்லச் சொல்றீங்க? பீருக்குன்னு சொன்னா கொண்டாருவாங்ளா? பேரக் கொழந்தைக்குன்னு சொன்னதும் பாருங்க, தொட்டில் சேலைய எடுத்து வெளில வெச்சுப்போட்டு மிஷின உள்ள வெச்சாங்க. ஆளுக்குத் தகுந்தாப்புல பேசோணும்.

அங்க எறங்கறப்ப ஒரு கார்டு குடுப்பானுங்க. தின்பண்டம் இருக்குதா, தானியம் இருக்குதா, விதை இருக்குதா, மரச்சாமான் இருக்குதா, வரிசையாக் கேட்டிருப்பான். ஆமான்னு போட்டா தனி வரிசை. ஒவ்வொரு பொட்டியாத் தொறந்து பாத்து உடறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வெளிய கார் நிறுத்தறதுக்கு அவன் மணிக்கணக்குப் போட்டு வாங்கறான். அதனால நான் ஒரு கார்டு மாதிரி எழுதி, எல்லாத்துக்கும் "இல்லை"ல டிக் அடிச்சு, "எதையும் காட்ட வேண்டாம், எல்லாம் இல்லைன்னே போடச் சொல்லுங்க அத்தை"ன்னு தமிழ்ல என்ற கையால எழுதி, போட்டோ எடுத்துத் துரைசாமிக்கு அனுப்புனேன். அவன் அத பிரிண்டு எடுத்து, படிச்சுக் காட்டி, அவிய கையில குடுத்துட்டான். ஃப்ளைட்டுல பக்கத்து சீட்டுல ஒரு காலேஜ் புள்ளையாமா. அதப் பாத்து அப்படியே எழுதிக் குடுத்திருக்குது.

இதுல என்ன தப்புங்? ஆயிரம் பேரு அப்படித்தான் வர்றாங்க. மிஷின் இரும்பு. இரும்புக்கு எதுக்குக் கணக்குச் சொல்லோணும்?

ஆனா எங்க மாமியாரு என்ன பண்ணி வெச்சிருக்கறாங்க தெரியுங்ளா? நம்ம பக்கம் வெறும் பாத்திரத்த யாரு ஊட்டுக்கும் குடுத்துவுட மாட்டாங்கல்ல. ஒரு சொம்பத் திருப்பிக் குடுத்தாலும் நாலு அரிசியப் போட்டுத்தான் குடுக்கோணும். மாசமா இருக்கற புள்ள ஊட்டுக்குப் போற புது மிஷின், வெறுந்தொட்டியாப் போகலாமான்னு துரைசாமி லேத்துலயே வெச்சு மஞ்ச குங்குமம் பூசி, ஒரு கை ராகி போட்டு அரைச்சுப் பாத்து, அப்புறம் தொட்டி நெறையா ராகியக் கொட்டி மஞ்சத் துணில வாயக் கட்டி அனுப்பிச்சிருக்கறாங்க. உருளைப் பல்லுல பூராவும் ராகியும் மஞ்சளும். சொல்லவே இல்லீங். என்ற கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொட்டிப்போட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். யாரு தப்புங்ணா இது?

ஏர்போர்ட்ல சோதிக்கற நாயி மோந்து பாத்து பொட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிச்சாமா.

நாங்க வெளிய நிக்கறோம். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். எல்லாரும் வெளிய வர்றாங்க, இவியளக் காணோம். பூங்கொடி வயித்தப் புடிச்சுக்கிட்டு அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்கறா, உக்காருன்னாலும் உக்கார மாட்டீங்கறா. நாலாவது மணி நேரத்துல எனக்குப் போன் வந்துச்சு. அதிகாரி. பொறுமையாத்தான் பேசுனான், அதுல ஒண்ணும் கொற சொல்ல முடியாது. "உங்க மாமியார் ஒரு மிஷின் கொண்டாந்திருக்கறாங்க, உள்ள ரெண்டு கிலோ தானியம் மறைச்சு வெச்ச மாதிரி இருக்குது, பேரக் கொழந்தைக்கு மாவு அரைக்கன்னு சொல்றாங்க. பாத்தா இது பீருக்கு மால்ட் ஒடைக்கிற மிஷின். இத நீங்க கொண்டாரச் சொன்னீங்ளா? கார்டுல இல்லைன்னு போடச் சொல்லி யாராச்சும் சொன்னாங்ளா?" அப்படின்னு கேட்டான்.

எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.

ஏனுங்? வேற என்ன சொல்லோணும்? ஆறு வாரத்துல எனக்குக் குடியுரிமை குடுக்கறாங்க. தேதி போட்டு லெட்டர் வந்தாச்சு. எட்டு வருசம் காத்திருந்து வாங்குனதுங். அந்த நேரத்துல பொய் சொல்லச் சொல்லிக் குடுத்தவன்னு என்ற பேர்ல எழுதிக்கிட்டான்னா? அவியளுக்கு என்ன, டூரிஸ்ட் விசா. போனா இன்னொண்ணு. எனக்கு வாழ்க்கையே அங்கதான். மிஷின் பத்தித் தெரியாது, நான் எதுவும் சொல்லல, வயசானவங்க, அவங்களா எதோ பண்ணீட்டாங்கன்னு சொன்னேன். பக்குவமாத்தான் சொன்னேன். பூங்கொடி என்ற பக்கத்துலதான் நின்னா. அவளுக்கு இங்கிலீசு எனக்கு மேல தெரியும். அதுதான் வென.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"ன்னா. அப்புறம் பேசறேன், கம்முனு இருன்னேன். அன்னைக்குக் கம்முனு ஆனவதானுங்.

உள்ள அவியள மொழிபெயர்க்கற ஆள வெச்சுக் கேட்டிருக்கறாங்க, கார்ட யாரு நெரப்புனது, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு. நாந்தான், நானாத்தான், எனக்கு யாருஞ் சொல்லிக் குடுக்கலன்னு சொல்லியிருக்கறாங்க. இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாத பொம்பளை. அந்தாளு நம்பியிருக்க மாட்டான். ஆனா அவிய மாத்திச் சொல்லவே இல்லையாமா. விசாவ ரத்துப் பண்ணி, அடுத்த ஃப்ளைட்டுலயே திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. மூணு வருசத்துக்கு வர முடியாது. ஏத்தறதுக்கு முன்னால மககிட்டப் பேச அஞ்சு நிமிசம் போன் குடுத்தாங்க. "கண்ணு, மாப்பிள்ளைய ஒண்ணுஞ் சொல்லிப்போடாத. நாந்தான் கூறுகெட்டத்தனமா ராகியக் கொட்டிப்போட்டேன்"ன்னு சொன்னாங்களாமா. பாத்தீங்ளா, அவியளே ஒத்துக்கறாங்க.

மிஷினையும் புடுங்கிக்கிட்டாங்க. எட்டாயிரம் ரூவா. அதப் பத்தி ஊட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்குலீங்.

பூங்கொடி பத்து நாளு ஊட்டுல இருந்தா. சமைப்பா, வெப்பா, பேச மாட்டா. பதினோராம் நாளு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வந்து மேசை மேல வெச்சுட்டு, "எங்கம்மா வர முடியாது. நான் போறேன்"னா. ஏழு மாசங். எட்டு வருசங் கழிச்சு வந்த கொழந்தைய வயித்துல வெச்சுக்கிட்டு ஃப்ளைட்டு ஏறுவேங்கறா. எதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு கத்துனேன். அவ பாட்டுக்குப் பொட்டி கட்டுனா. அவ கெளம்புன அன்னைக்கு எனக்கு ஆபீசுல முக்கியமான மீட்டிங்கு. அவள ஏர்போர்ட்ல கொண்டுபோய் உட்டது யாரு தெரியுங்ளா? அந்த ரொசாரியோ. அவன் பொண்டாட்டி சோறு கட்டிக் குடுத்திருக்கறா. குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம். அன்னையில இருந்து சனிக்கெழமை அவன் வர்றதும் இல்ல. ஆபீசுல எதுக்கால வந்தா, "பூங்கொடி எப்படி இருக்கு?"ன்னு அவளப் பத்தி மட்டும் கேட்டுட்டுப் போறான்.

குடியுரிமை வாங்கியாச்சுங். ஒரு மண்டபத்துல நிக்க வெச்சு, கைதட்டி, ஆளுக்கொரு செடி குடுத்தாங்க. என்ற பக்கத்துல நின்ன சீனாக்காரன் குடும்பத்தோட வந்து போட்டோ எடுத்தான். என்னைய எடுக்கறதுக்கு ஆளில்ல, அவனையே எடுக்கச் சொன்னேன். தலைய வெட்டி எடுத்து வெச்சிருக்கறான்.

ஆகஸ்ட்ல பொண்ணு பொறந்துச்சு. லீவு கெடைச்சு நான் பாக்கறப்ப கொழந்தைக்கு மூணு மாசம். போன வாரம் பேர் வெச்சோம். நூறு பேருக்குச் சாப்பாடு. எலையில உக்காந்திருக்கறேன், மாமியாருதான் எனக்குப் பரிமாறிக்கிட்டு இருக்கறாங்க. பூங்கொடிக்குப் பெரியப்பா ஒருத்தரு, எகத்தாளம் புடிச்ச மனுசன். எலையில இருந்தே சத்தமாக் கேக்கறாரு, "ஏம்மா ராமாத்தா, ஃபாரினுக்குப் போயி ஒரே நாள்ல திரும்பி வந்தவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதானாமா? திருட்டுச் சாமானா கொண்டு போன?" பந்தியே சிரிக்குது. அவிய பாயச வாளியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. "எனக்கு அந்த வெவரமெல்லாம் எங்கீங்ணா தெரியுது. நானாத்தான் ராகியக் கொட்டிக் கொண்டு போனேன். நானாத்தான் இல்லைன்னு போட்டேன்"னு சொல்லிப்போட்டு அடுத்த எலைக்குப் போயிட்டாங்க.

நானென்னங் பண்ணட்டும்? பந்தில எந்திரிச்சு நின்னு பேச்சுப் போட்டியா வெக்க முடியும்? பாயசம் ஊத்துங்த்தைன்னு கேட்டு வாங்கிச் சாப்புட்டேன். அவியளும் ரெண்டு கரண்டி ஊத்துனாங்க. பூங்கொடி கொழந்தைய மடியில வெச்சுக்கிட்டு எதுக்கால உக்காந்து என்னையே பாக்கறா. பொண்டாட்டி புருசனப் பாக்கற பார்வையாங் அது? பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கற பார்வை.

பந்தி முடிஞ்சு ரூமுக்குக் கூப்புட்டா. பீரோவத் தொறந்து ஒரு பேப்பர எடுத்துக் கட்டில் மேல வெச்சா. அந்த பிரிண்டுங். நான் எழுதுனது. "எதையும் காட்ட வேண்டாம்." என்ற கையெழுத்து. அந்த ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் கேள்வி கேட்டப்பவும் இது எங்க மாமியாரு இடுப்புலதான் மடிச்சுச் சொருகியிருந்துச்சாமா. எடுத்துக் காட்டியிருந்தா அடுத்த நிமிசம் அவியள வெளிய உட்டிருக்கலாம், என்னைய உள்ள கூப்புட்டிருக்கலாம். எடுக்கவே இல்லீங். திருப்பி ஃப்ளைட்டுல வந்து, ஊட்டுல சேலை மாத்தறப்ப கீழ உழுந்திருக்குது.

பூங்கொடி சொல்றா, "பெரியப்பா இன்னும் கெளம்புல. அம்மாவும் அங்கதான் நிக்கறாங்க. வாங்க. நாந்தான் இல்லைன்னு போடச் சொன்னேன்னு அவிய முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்துருச்சு. உங்க கூடவே வர்றேன்."

நான் அந்தப் பேப்பர எடுத்துக் கிழிச்சுப்போட்டேன்.

ஆமாங். கிழிக்காம? எதுக்கு அத பீரோவுல வெச்சிருக்கறா? கேஸ் போடறதுக்கா? நாலு துண்டாக் கிழிச்சு பாக்கெட்டுல வெச்சுக்கிட்டேன். அவ அழுகுல, சண்டையும் போடுல. அழுதிருந்தாக்கூட எதாச்சும் சமாதானம் சொல்லியிருக்கலாம். "எங்கம்மா உங்களுக்கொசரம் ரெண்டு தடவ பொய் சொல்லிப்போட்டாங்க. மூணாவது தடவ நான் சொல்ல உட மாட்டேன். நீங்க கெளம்புங்க"ன்னா. கொழந்தைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் நாலு நாளு அதே ஊட்டுல இருந்தேன். சோறு வந்துச்சு, சுடுதண்ணி வந்துச்சு, எல்லாம் மாமியாரு கையால. அவ அந்த ரூமுப் பக்கமே வரல.

என்னங்? நீங்களும் அதத்தான் கேக்கறீங்ளா? ஒரு வார்த்தைதான சொல்லியிருக்கலாமேன்னு? சொல்றது சுலபமுங்ணா. கேக்கறவனுக்கு ஒரு வார்த்தை, சொல்றவனுக்கு மானம். அந்தப் பெரியப்பன் ஊரு பூரா சொல்லுவான். நான் அந்த ஊட்டு மாப்பிள்ளை. அதுவுமில்லாம தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. ரொசாரியோ அந்த மிஷினக் கொண்டாந்து கண்ணுல காட்டாம இருந்திருந்தா எனக்கு இந்த ஆசையே வந்திருக்காது. துரைசாமிக்காச்சும் அறிவு இருந்திருக்கோணும், தானியத்தக் கொட்டறப்பவே தடுத்திருக்கோணும். அவ்வளவு பேரையும் உட்டுப்போட்டு என்னையவே புடிச்சுக்கிட்டா?

இருங்க, போன் அடிக்குது. அத்தை.

சொல்லுங்த்தை... ஆமாங், சிங்கப்பூருதானுங்... சாப்புட்டனுங்... இல்லீங், கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்... பக்கத்துலயா நிக்கறா?... என்னங்?... நானு என்னங்த்தை சொல்லோணும்?... அத்தை, இங்க ஏகப்பட்ட சத்தமுங், கேக்குலீங்... கேக்குலீங்த்தை. வெக்கறனுங்.

பாத்தீங்ளா. "பூங்கொடி பக்கத்துலதான் நிக்கறா, அவளுக்குக் கேக்கற மாதிரி அந்த வார்த்தைய இப்ப சொல்லிப்போடுங்க மாப்பிள்ள, நான் எப்படியாச்சும் அவளக் கெளப்பி உட்டுடறேன்"ங்கறாங்க. கொழந்தை சத்தங் கேட்டுச்சு. இப்பத்தான் ஊ ஊன்னு பேசப் பழகியிருக்குது. சொல்லலாமுங்ணா. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்னப் பின்னத் தெரியாத உங்ககிட்ட முச்சூடுஞ் சொல்லீட்டேன், நாக்கா அறுந்து போச்சு? ஆனா கேட்டதுக்கு அப்புறம் சொன்னேன்னு வெய்ங்க, மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆயிருமுங்.

ஏனுங்ணா, அக்காவ எதுக்கு எழுப்பறீங்க? இன்னும் கூப்புடவே இல்லீங்ளே. அந்தப் பக்கம் பூராவும் வெயிலுங், சீட்டும் இருக்காது. பையக் கீழ வெய்ங்ணா, உக்காருங்க. நான் வேணும்னா கம்முனு இருந்துக்கறனுங்.